வீராங்கனையின் வீட்டு வாசலில் எதை எழுதி வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நினைவு இல்லங்களின் பராமரிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, காவலர் நியமிப்பது, கழிப்பறை கட்டுவது என்று வேண்டியவற்றையெல்லாம் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வீடுகளின் வாசலில் நிற்கும் பலகையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது அவர்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நோட்டை விரித்துப் பலகையில் இருப்பதைத்தான் எழுத்து விடாமல் படியெடுப்பார்கள். பலகை பொய் சொன்னால் அந்தப் பொய் ஊர் ஊராகப் போய்ச் சேரும்.

இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது கனடாவில் நான் பார்த்த ஒரு வீடு. மகள் குடும்பத்தோடு நயாகரா அருவிக்குப் போனபோது, அங்கிருந்து ஆற்றோரமாகச் சிறிது தொலைவிலுள்ள குயின்ஸ்டன் என்ற சிற்றூரில் லாரா சீகார்ட் என்ற பெண்மணி வாழ்ந்த வீட்டைக் காட்டினார்கள். வெள்ளையடித்த பலகைச் சுவர்களும் உள்ளே அடுப்புப் புகைபோக்கியும் கொண்ட சிறிய வீடுதான். நம் பக்கத்து நடுத்தரக் குடும்பத்து ஓட்டு வீட்டைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது. 1812-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போர் இந்த வீட்டின் வாசலுக்கே வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் குயின்ஸ்டன் மேட்டில் நடந்த சண்டையில் லாராவின் கணவர் ஜேம்ஸ் படுகாயமடைந்தார். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் அமெரிக்கப் படை ஜார்ஜ் கோட்டையைப் பிடித்து, நயாகரா ஆற்றங்கரைப் பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. காயம் ஆறாத கணவரையும் ஐந்து குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எதிரிப் படையின் நடுவே குடித்தனம் நடத்திய அந்தப் பெண்மணிக்கு, பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் ஃபிட்ஸ்கிப்பனின் முகாமை அமெரிக்கர்கள் திடீரெனத் தாக்கப் போகிறார்கள் என்ற செய்தி எப்படியோ தெரிந்துவிட்டது.

1813 ஜூன் 22-ஆம் நாள் விடியலில் அவர் கால்நடையாகப் புறப்பட்டார். சாலை வழியே போனால் அமெரிக்கக் காவல் வீரர்கள் மறிப்பார்கள் என்பதால் காடும் சதுப்பும் ஓடையுமாகச் சுற்றி, ஏறக்குறைய 32 கிலோமீட்டர் நடந்தார். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரை உள்ள தொலைவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். உடன் வந்த உறவுப் பெண்ணுக்கு வழியிலேயே முடியாமல் போய்விட, லாரா அன்று மாலை இருட்டுகிற வேளையில் பூர்வகுடி வீரர்களின் முகாம் ஒன்றில் தனியாகப் போய் நின்று, அவர்கள் துணையோடு ஃபிட்ஸ்கிப்பனைச் சந்தித்துச் செய்தியைச் சொன்னார். ஜூன் 24-ஆம் நாள் பீவர் டாம்ஸ் என்ற இடத்தில் அமெரிக்கப் படை சுற்றி வளைக்கப்பட்டு, அதன் தளபதி போர்ஸ்ட்லர் நானூறுக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அந்த வீட்டுக்குப் பலகை எழுதுவது எளிது. உண்மையில் அது லேசான காரியமாக இருந்ததில்லை. சரணடைதலைப் பற்றி அப்போது மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஃபிட்ஸ்கிப்பன் லாராவின் பெயரையே குறிப்பிடவில்லை. செய்தி தமக்கு எந்த வழியில் கிடைத்தது என்பதை லாராவும் தெளிவாகச் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிட வந்த அமெரிக்க அதிகாரிகள் பேசிக்கொண்டதை அவர் ஒட்டுக் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி மட்டுமே. அரை நூற்றாண்டு கழித்து ஒரு நூலாசிரியர், காவல் வீரர்களை ஏமாற்றுவதற்காக லாரா ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு போனதாக எழுதிவைத்தார். லாரா சொன்ன எந்த விவரத்திலும் பசு இல்லை. ஆனாலும் மேடை நாடகத்திலும் பாடப் புத்தகத்திலும் பசு புகுந்துகொண்டது. ஒரு தலைமுறைக்குப் பிறகு பசு இல்லாமல் லாராவை நினைக்க முடியாத நிலை வந்தது. அந்தப் பசுவைக் காரணம் காட்டியே, கதை முழுவதும் கட்டுக்கதை, ஃபிட்ஸ்கிப்பனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று 1930-களில் ஆய்வாளர்கள் சிலர் எழுதத் தொடங்கினார்கள். நம் மேடைப் பேச்சாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேர்த்துச் சொன்ன ஓர் அலங்காரம், நடந்த உண்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது.

லாராவைக் காப்பாற்றியவை மனுக் காகிதங்கள். போருக்குப் பின் குடும்பம் நொடித்துப்போய், 1820-இல் ஜேம்ஸ் சீகார்ட் குயின்ஸ்டனிலிருந்த இராணுவ நிலத்தில் கல் வெட்டிக்கொள்ள உரிமை கேட்டு அரசுக்கு மனுப் போட்டார். அதற்குத் துணையாக ஃபிட்ஸ்கிப்பன் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். 1827-இலும் 1837-இலும் மேலும் இரண்டு சான்றுகள் கொடுத்தார். இவற்றுள் 1827-ஆம் ஆண்டுச் சான்று, லாரா ஜூன் 22-ஆம் நாளே தம்மிடம் வந்தார் என்பதையும், அவர் சொன்னதை வைத்துத் தம் ஆட்களையும் பூர்வகுடி வீரர்களையும் வழியில் நிறுத்தியதையும், எதிரி 24-ஆம் நாள் காலையில்தான் வந்தான் என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. இந்தக் காகிதம் வெளிப்பட்டதும் சந்தேகக்காரர்களின் வாதம் வலுவிழந்தது. ஆனால் உதவி கேட்டு எழுதிய மனுக்கள் பெரும்பாலும் தள்ளப்பட்டன. 1860-இல் கனடாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு எழுதிய விண்ணப்பத்தின் பேரில், அடுத்த ஆண்டு நூறு பவுன் பணம் வந்தது. அப்போது லாராவுக்கு வயது 85. ஓய்வூதியத்துக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த எத்தனையோ தியாகிகளைக் கண்ட நமக்கு, இந்தக் கதையில் புரியாதது எதுவும் இருக்காது.

அந்த வீட்டில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீவர் டாம்ஸில் உண்மையில் சண்டையிட்டு அமெரிக்கர்களை மடக்கியவர்கள் கானவாகே, மோஹாக் முதலிய பூர்வகுடி வீரர்கள். ஃபிட்ஸ்கிப்பனின் சிறு படை வந்து சேர்ந்து சரணடைதலைப் பெற்றுக்கொண்டது. நெடுங்காலம் லாராவையும் ஃபிட்ஸ்கிப்பனையும் மட்டுமே கொண்டாடி, இவர்களைப் பெயரில்லாத கூட்டமாக ஓரத்தில் நிறுத்தியிருந்த அந்நாடு, இப்போது அந்தக் கணக்கைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது. ஒருவரைப் போற்றும் பலகை, அவருக்கு வழிகாட்டியவர்களையும் அவர் கொண்டுவந்த செய்தியின் பேரில் உயிரைப் பணயம் வைத்தவர்களையும் மறைக்கும் திரையாகிவிடக் கூடாது அல்லவா? வேடிக்கை என்னவென்றால், கனடாவில் லாரா சீகார்ட் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாக்லேட். அவர் நடந்த நூறாம் ஆண்டான 1913-இல் டொராண்டோவில் தொடங்கிய ஒரு மிட்டாய்க் கடை அவர் பெயரை வைத்துக்கொண்டது. பிற்காலத்தில் அவருடைய வீட்டைப் புதுப்பித்ததும் அந்த நிறுவனம்தான். இப்போது நயாகரா பூங்கா ஆணையம் அதைப் பராமரிக்கிறது. மிட்டாய் விற்ற காசில் வீடு பிழைத்ததில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. என் பேத்தி பெட்டியில் இருப்பவர் யார் என்று கேட்டதற்குச் சொல்ல ஒரு வீடு இருந்ததே, அது போதும்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். தரங்கம்பாடிக்கும் திருக்கடையூருக்கும் பக்கத்திலுள்ள தில்லையாடியில் வள்ளியம்மையின் நினைவு மண்டபமும் நூலகமும் 1971-ஆம் ஆண்டு முதல் இருக்கின்றன. அவரைப் போர்க்கால வீராங்கனை என்று சொல்வது பொருந்துமா என்று யாரேனும் கேட்கலாம். அவர் கலந்துகொண்டது துப்பாக்கிப் போர் அல்ல. ஆயினும் அது ஓர் அரசை எதிர்த்து நடந்த போராட்டம், அதில் உயிர்ப்பலி கேட்கப்பட்டது, அவர் கொடுத்தார். ஒப்பந்தக் கூலிகளாக வந்து ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது விதித்த மூன்று பவுன் வரியும், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் தென்னாப்பிரிக்க இந்தியப் பெண்களை வீதிக்கு இழுத்தன. நேற்றுவரை மனைவியாக இருந்தவளைச் சட்டம் இன்று மனைவி இல்லை என்றால் எந்தப் பெண் வீட்டுக்குள் இருப்பாள்? அந்தப் போராட்டத்தில் கைதான வள்ளியம்மைக்கு 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடிய காய்ச்சலோடு வெளியே வந்த அவர், சில நாட்களிலேயே, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்துபோனார். அது அவருடைய பதினாறாவது பிறந்தநாள்.

இவை போதாதென்றுதான் நாம் பசுவை ஓட்டிக்கொண்டு வருகிறோம். "தில்லையாடி மண்ணில் பிறந்து தவழ்ந்த" என்று பேச்சுப் போட்டியில் ஆண்டுதோறும் கேட்கிறேன். நடுவராக உட்கார்ந்து மதிப்பெண் போட்டும் இருக்கிறேன். வள்ளியம்மை பிறந்தது ஜொகன்னஸ்பர்க் நகரில். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். அவர் இந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அதேபோல, உனக்குக் கொடி எங்கே என்று அதிகாரி கேட்டதற்குத் தம் புடவையைக் கிழித்துக் காட்டினார் என்ற கதையும் மேடைதோறும் ஒலிக்கிறது. அவரைப் படுக்கையில் கண்டு பேசிய காந்தியடிகள், தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அவருக்கென்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். அங்கே புடவையும் இல்லை, கொடியும் இல்லை. அங்கே இருப்பது உயரமான ஒரு பெண்ணின் மெலிந்துபோன உடம்பு. சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று அவர் கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்று அந்தப் பெண் சொன்ன பதில். இதற்கு மேல் எந்த அலங்காரம் வேண்டும்? பத்திரமாக இருக்கும் இந்த உண்மையை ஒதுக்கிவிட்டு, யார் எப்போது சேர்த்தது என்று காட்ட முடியாத கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், நாளைக்கு ஒருவர் வந்து கொடிக் கதை பொய் என்று நிறுவும்போது சிறையும் காய்ச்சலும் சாவும்கூடப் பொய்யோ என்று அவர்கள் மயங்குவார்கள். குயின்ஸ்டனில் நடந்தது அதுதான்.

இதே நூலில் காந்தியடிகள் ஒரு மனக்குறையையும் பதிவு செய்திருக்கிறார். வள்ளியம்மையின் நினைவாக ஒரு மண்டபம் கட்ட அங்கிருந்த இந்தியர்கள் தீர்மானம் போட்டார்கள், ஆனால் அது நிறைவேறவில்லை என்கிறார். அங்கே நிறைவேறாத தீர்மானம் நம் ஊரில் கட்டடமாக எழுந்திருக்கிறது என்பதே தில்லையாடிக்குப் பெருமை. பிறந்த ஊர் என்ற பொய்ப் பெருமை அதற்குத் தேவையில்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை இராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்தது ஈரோட்டில் என்று சொல்வதால் அந்த வீட்டின் பெருமை ஒரு குன்றுமணி அளவும் குறையவில்லை.

பலகை எப்படி இருக்கலாம் என்று கேட்பவர்களுக்காக, ஒரு வாசகத்தை எழுதிப் பார்த்திருக்கிறேன். "வள்ளியம்மை 1898-இல் தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். அவர் இங்கு வந்ததில்லை. இந்தியர்கள் மீதான வரியையும் திருமணத் தீர்ப்பையும் எதிர்த்த போராட்டத்தில் 1913-இல் சிறை சென்று, நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்தார். ஜொகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். இவ்வூருக்குக் காந்தியடிகள் 1915-இல் வந்தார்." அவ்வளவுதான். வீரமங்கை, தியாகச் சுடர், ஒப்பற்ற என்ற சொற்கள் எதையும் நான் சேர்க்கவில்லை. பதினாறு வயது என்பதை வாசிப்பவரே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தாமாகக் கண்டுபிடித்தது மனத்தில் தங்கும்.

நம் பலகைகளின் நடைமுறைக் குறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பவில்லை. நம் வட்டாரத்து நினைவிடம் ஒன்றில் பளபளப்பான கருங்கல் பலகை இருக்கிறது. திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர்கள், ஒப்பந்தக்காரர், திட்ட மதிப்பீடு எல்லாம் பொன்னிற எழுத்தில் கல்லை நிறைத்திருக்கின்றன. நினைவுக்குரியவரின் பெயர் மேலே ஒரு வரி. அவர் எதற்காக நினைக்கப்படுகிறார் என்பது எங்கேயும் இல்லை. பக்கத்தில் தகட்டில் எழுதி நட்ட இன்னொரு பலகை உப்புக் காற்றில் துருவேறி, பாதி எழுத்து உதிர்ந்து, மீதிப் பாதியின் மேல் காதணி விழாச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. கடலோர ஊர்களில் இரும்புத் தகடு நான்கைந்து மழைக்காலம் தாங்கினால் அதிகம். ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய எழுத்தைக் கோயில் அதிட்டானத்தில் இன்றும் விரலால் தடவிப் படிக்கிற மாவட்டங்கள் இவை. எந்த நிலம், எத்தனை வேலி, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, யார் கையெழுத்திட்டார்கள் என்று அந்தக் கல்வெட்டுகள் எவ்வளவு கறாராகப் பேசுகின்றன! பலகை எழுதுபவர்கள் அங்கே போய் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வரலாம்.

பலகையே இல்லாத வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள் டெல்டாவின் எல்லாத் திசைகளிலும் உண்டு. ரஜூலா கப்பலின் பெயர் தெரியாத பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள்தாம், 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த இராணி ஜான்சி படையில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் பெயர் நாடறிந்தது. அவர் தலைமையில் சீருடை அணிந்து, பர்மா வரை போய், மேமியோவில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்து, 1945-இல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய சாதாரணப் படைப்பெண்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? போர் முடிந்தபின் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வாழ்ந்த வீடு என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தத் திண்ணையில் ஒரு சிறு கல்லாவது பதிக்கப்பட வேண்டும். அதிலும் அளவு மீறக் கூடாது. அந்தப் படை போர்முனையில் நேருக்கு நேர் மோதும் சண்டையில் இறக்கப்படவில்லை. ஆகவே வெள்ளையரை வெட்டி வீழ்த்தினார் என்று எழுதுவது அந்த அம்மையாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்டுப் போய்த் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்பது போதும்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றேனே, அதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? லாரா சீகார்டுக்குக் கிடைத்த அதே இடத்தில்தான். 1972-இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களும் விண்ணப்பித்தார்கள். எந்த முகாம், எந்த அணி, யாருடைய கீழ், எவ்வளவு காலம் சிறை என்று எழுதி, உடன் இருந்தவர்களிடம் சான்றுக் கையெழுத்து வாங்கி இணைத்தார்கள். அந்த மனுக்களின் நகல்கள் இன்றும் பல வீடுகளில் பரண்மேல் தகரப் பெட்டியில் பழைய பத்திரங்களோடு கிடக்கும். ஓய்வூதியம் வாங்கியவரின் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அவற்றால் பயன் எதுவும் இல்லை. பழைய பேப்பர்காரரின் தராசுக்குத்தான் போகும். அலுவலகக் கோப்புகளுக்கும் காலவரையறை வைத்துக் கழிப்பதே வழக்கம். மறுக்கப்பட்ட மனுவைக்கூடத் தூக்கி எறியக் கூடாது என்பேன். ஜேம்ஸ் சீகார்ட் கல் வெட்ட உரிமை கேட்டுப் போட்ட மனுவை யாராவது அன்றைக்கே கழித்துக் கட்டியிருந்தால், லாராவின் நடையைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று நமக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நினைவு இல்லங்களுக்குப் புதிய பலகை வைக்கும் பொறுப்பிலுள்ளவர்கள், வாசகத்தைக் கல்லில் வெட்டுவதற்கு முன் ஒரு மாத காலமாவது பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, உள்ளூர் ஆசிரியர்களிடமும் அந்தக் குடும்பத்தாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் என்ன ஆதாரம் என்பதை அந்த நினைவு இல்லத்திலேயே ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள் தம்மிடமுள்ள தியாகிகள் ஓய்வூதியக் கோப்புகளைக் கழிக்காமல், அவற்றைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் இப்படிப்பட்ட காகிதங்களை வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றைப் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர் என்று பின்னால் எழுதி, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வைத்தால் நல்லது. தங்கள் நாளிதழ் இதற்கென்று வாரம் ஒரு பத்தி ஒதுக்க முன்வந்தால், வரும் காகிதங்களைப் படித்து ஒழுங்குபடுத்தித் தருவதற்கு என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.